வெயிலில் காய்ந்த தலையணை

டிப்போவில் அவளை ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸின் டிரைவர். குப்பை லாரி குறுக்கே நின்றாலும் ஹாரனைத் தொடமாட்டாள். பொறுத்திருந்து, இடம் பார்த்து, ஊசியில் நூல் கோத்த மாதிரி வண்டியை நுழைத்துவிடுவாள். பிறகு எதற்கு அந்தப் பெயர் என்றால், எல்லாம் அவள் தும்மலால் வந்தது. ஒன்று வந்தால் பின்னாலேயே அதன் சொந்தபந்தம் முழுக்க வரும்.

"அக்கா, நீ தும்முனா எதிர்ல வர்ற லாரியே ஒதுங்குது" என்பான் கண்டக்டர்.

"ஒதுங்கட்டும். நீ முதல்ல அந்தப் பெரியவருக்குச் சில்லறையக் குடு."

வருஷம் முழுக்க அப்படியில்லை. மழை விட்டு, வெயில் ஏறி, காலி மனைகளில் புல் இடுப்பளவு வளர்ந்து பூக்கிற காலத்தில்தான் இந்தக் கூத்து. மூக்கு குழாயாக ஒழுகும். கண் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி எரியும். மேலண்ணம்கூட அரிக்கும், அதை எப்படிச் சொறிவது? சளி என்றார்கள் வீட்டில். அவளும் அப்படியே நம்பினாள். காய்ச்சல் இல்லாமல், வருஷா வருஷம் சொல்லிவைத்த மாதிரி வருகிற சளி எங்காவது உண்டா? அதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

தும்மினால் கண் மூடும். எப்பேர்ப்பட்ட டிரைவருக்கும் மூடும். ஒருநாள் பாலத்து இறக்கத்தில் அடுக்கடுக்காகத் தும்மி அவள் கண்ணைத் திறந்தபோது, முன்னால் போன வேனின் பின்கதவு மூக்குக்கு நேரே நின்றது. பிரேக் பிடித்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயணி ஒருவர் நேரே டிப்போவுக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

"உங்க கையக் குத்தம் சொல்லலம்மா, கண்ணத்தான் சொல்றேன்" என்றார் மேனேஜர். "இது சரியாகலன்னா டிக்கெட் கவுண்டர்ல உக்கார வேண்டியதுதான்."

"கவுண்டர்ல உக்காரவா சார் நான் லைசென்ஸ் எடுத்தேன்? லீவு குடுங்க. சரி பண்ணிட்டு வந்து நானே சாவி கேக்கறேன்."

கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை வீட்டில் போட்டுப் பார்த்தாள். தும்மல் நின்றது. கூடவே அவளும் நின்றுபோனாள். பிசைந்த சோறு தட்டில் இருக்க, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். இதை விழுங்கிவிட்டு ஸ்டியரிங் பிடிப்பதா என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"இது சளியில்லம்மா, அலர்ஜி. புல்லு பூக்கறப்ப அதோட மகரந்தத் தூள் காத்துல பறக்கும். உங்க உடம்பு அதைத் திருடன்னு நினைச்சுக் கத்துது" என்றார் டாக்டரம்மா. தூக்கம் அதிகம் வராத வேறு மாத்திரை எழுதினார். அதையும் வீட்டில் பழகிப் பார்த்த பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும் என்றார். மூக்கில் அடிக்கிற ஸ்பிரேயைத் தினமும் விடாமல் அடிக்க வேண்டும், அடுத்த வருஷம் புல் பூக்கிறதுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட வேண்டும், வெளியே போய்வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்றார்.

எல்லாம் செய்தாள். பகலெல்லாம் பரவாயில்லை. விடிந்தால் மட்டும் பழையபடி தும்மல். இத்தனைக்கும் அவள் வீட்டுக்காரர் தினமும் தலையணையையும் போர்வையையும் மொட்டைமாடியில் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்து வருவார். தையல்காரர், வீட்டிலேயே மெஷின் போட்டிருப்பவர். பெண்டாட்டி எவ்வளவு தும்முகிறாளோ அவ்வளவு நேரம் கூடுதலாகக் காயவைப்பார்.

நடுவில் அவர் தங்கை வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கினார். தலையணையை மாடிக்குத் தூக்க ஆளில்லை. அந்த நாட்களில் விடிகாலைத் தும்மல் இல்லை, அவள் போட்ட டீயின் வாசனை அவள் மூக்கிலேயே ஏறியது. அவர் வந்தார், தலையணை மாடிக்குப் போனது, மறுநாள் காலையில் தும்மல் தெருவரைக்கும் கேட்டது.

"நான் இல்லாதப்ப நல்லா இருந்தியாமே" என்றார் அவர், தையல் மெஷினை நிறுத்தி. "அப்ப உனக்கு என்மேலதான் அலர்ஜியா?"

"உங்கமேல இல்ல, உங்க வெயில்மேல. மாடிக்கு வாங்க, காட்டறேன்."

மாடிச்சுவரை ஒட்டிக் காலி மனை. புல்லெல்லாம் பூத்துக் காற்றில் ஆடியது. காய்கிற கறுப்புப் போர்வையை அவள் விரலால் தடவிக் காட்டினாள். விரல் மஞ்சளாக வந்தது.

"வெயில்ல காயாத துணி ஒரு துணியா? நாத்தம் அடிக்கும்டி."

"அந்த நாத்தம் தெரியற மூக்கு முதல்ல எனக்கு வரட்டும்."

வாதம் அன்றோடு முடியவில்லை. சாப்பாட்டிலும் நடந்தது, பாத்திரம் கழுவும்போதும் நடந்தது. கடைசியில் கூடத்தில் கொடி கட்டி, ஃபேனுக்குக் கீழே துணி காய்ந்தது. அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், கொடியை இழுத்துக் கட்டியவர் அவர்தான். அதன் பிறகு அவள் காலைகள் அமைதியாக விடிந்தன.

லீவு முடிந்து டிப்போவுக்குப் போய்ச் சாவி கேட்டாள். மேனேஜர் தானே பின்சீட்டில் உட்கார்ந்தார். வறண்ட காற்று வீசிய காலை. தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தாள். புல்வெளி, வளைவு, பாலம், இறக்கம் எல்லாம் வந்து போயின. தும்மல் ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் ஸ்டாப்பில் வண்டி நின்றிருந்தபோது.

"ஹாரன் ரிப்பேராக்கா?" என்றான் கண்டக்டர்.

"கழட்டி வச்சிட்டேன்."

மேனேஜர் இறங்கும்போது, "நாளைக்குக் காலை டூட்டி உங்களுக்குத்தான்" என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் தொங்கிய ஈரப் போர்வைக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடி வழியாக மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு வெயில் வீணாப் போகுது பாரு."

"போகட்டும்" என்றாள், தலைக்குக் குளிக்கத் துண்டை எடுத்துக்கொண்டே. "என் பஸ் போனாப் போதும்."