சமேலியோரேயில் ஓர் இடம்

எங்கள் குளியலறைக் கம்பியில் இப்போது இரண்டு சோடிக் கையுறைகள் காய்கின்றன. ஒன்று என்னுடையது. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் மாத்திரைப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக நான் போடுகிற வெள்ளை நூல் கையுறை. மற்றது மகள் ஆரணியினுடையது. அதன் உள்ளங்கைப் பக்கம் பலாப்பால் பூசியதுபோல ஒட்டும். ஒருநாள் அவசரத்தில் அவளுடையதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்று எடுத்த பெட்டியெல்லாம் கையோடு வந்தது. வைக்கப் போனால் கழலவில்லை. மேற்பார்வையாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதினேழு வயதுப் பெண்பிள்ளைக்கு எதற்கு ஒட்டுகிற கையுறை என்று எனக்கு அப்போது விளங்கியிருக்கவில்லை. இப்போதும் முழுதாக விளங்கிவிட்டது என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கண்டத்தில் ஃபுட்போல் என்பது காலால் ஆடுவதல்ல. பந்தும் உருண்டையல்ல, இரண்டு முனையும் கூர். ஒருத்தி கையால் எறிவாள், இன்னொருத்தி ஓடிப்போய்க் கையால் பிடிப்பாள். ஆண்கள் ஆளை விழுத்தி அமத்துவார்கள். ஆரணி ஆடுவதில் அது இல்லை. இடுப்பில் தொங்குகிற நாடாவை எதிராளி பிடுங்கினால் ஓட்டம் முடிந்தது. ஓடிப் பிடிக்கிறவளுக்கு ரிசீவர் என்று பெயர். ஆரணி ரிசீவர். எனக்குத் தெரிந்த ரிசீவர் தொலைபேசியில் காதுக்கு வைப்பது ஒன்றுதான். வேண்டாம், வேறு ஏதாவது விளையாடு என்று நானும் மனைவி வசந்தியும் சொல்லிப் பார்த்தோம். பிள்ளை ஒற்றைக் காலில் நின்றாள்.

செப்டெம்பரில் அவள் செஜெப்புக்குப் போனாள். பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இங்கே அப்படியொரு கல்லூரி உண்டு. அங்கே அணிக்கு ஆள் எடுக்க இரண்டு சனிக்கிழமைகளில் தேர்வு வைத்தார்கள். அந்த அணியில் சேருவதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணமே இல்லை. சோற்றைப் பிசைந்தபடி ஓடுபாதையைக் கோப்பையில் விரலால் கீறுவாள். முதல் சனி நானும் போனேன். மைதானத்து வெள்ளைக் கோட்டோரம் நின்று, தொழிற்சாலைப் பழக்கத்தில், கொப்பியில் குறித்தேன். பதினொரு பந்து வந்தது. ஒன்பதைப் பிடித்தாள். எந்தப் பக்கம் பிடித்தாள் என்பதையும் எழுதினேன். ஒவ்வொரு பிடிக்கும் "ஆரணி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மறுநாள் அவளுடைய கைப்பேசிக்கு மதிப்பீடு வந்தது. பதினொன்றில் ஐந்து. அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எண்ணுவதில் என் பிழைப்பே நடக்கிறது. ஒன்பது எப்படி ஐந்தாகும்? நிறத்தைப் பார்த்து வெட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த பயிற்சி நாளில் வேலை முடிந்து நேரே மைதானத்துக்குப் போனேன். ஆரணி உடுப்பு மாற்றப் போயிருந்த நேரம் பார்த்து கோச்சிடம் கொப்பியை நீட்டி, ஒன்பது என்று விரல்களைக் காட்டினேன். கோச் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். கொப்பியைப் பார்த்து முகம் மலர்ந்தா. வேகமான பிரெஞ்சில் ஏதோ சொன்னா. பிறகு தன் சப்பாத்துக் காலைத் தூக்கிக் கோட்டுக்கு இங்காலும் அங்காலும் தட்டிக் காட்டினா. பிள்ளைக்குச் சப்பாத்து சரியில்லை என்கிறா போலும் என்று தலையாட்டினேன். கடைசியாக என் தோளைத் தட்டி, மெதுவாக ஒரு வசனம் சொன்னா.

"யா த லா ப்ளாஸ் பூர் சமேலியோரே."

இந்த நாட்டில் எனக்கு முதன்முதலில் விளங்கிய பிரெஞ்சு வசனம் "யா த லா ப்ளாஸ்". வந்த முதல் குளிர்காலத்தில், நெரிசலான பேருந்தில், சாரதி கத்துவார்: பின்னால் போங்கள், இடமிருக்கிறது. அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராமல், கடிதப் பெட்டியைத் திறக்கவே பயந்துகொண்டிருந்த காலம் அது. இங்கே எனக்கு இடமுண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தச் சாரதி மட்டும் போகும்போதும் வரும்போதும் சொன்னார். அதனால் அந்த வசனத்தை நான் மறக்கவில்லை.

ஆகவே இடமிருக்கிறது. எங்கே? சமேலியோரேயில். நகரத்தில் வில்லரே என்று ஓர் இடம் இருக்கிறது, சமேலியோரேயும் எங்கேயோ இருக்கும், அங்கத்தைய அணியில் சேர்க்கப்போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். தலைகால் புரியாத சந்தோசம். பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் மெட்ரோ பிடித்து வில்லரேக்குப் போய், சின்னராசா அண்ணையின் கடையில் இறங்கினேன். கொண்டாட ரோல்ஸ் பொரிப்பதற்கு ஆட்டிறைச்சி வேண்டும்.

"மகளுக்கு டீமில இடம் கிடைச்சிட்டுது அண்ணை."

"அப்பிடியே! எந்த டீம்?"

"சமேலியோரே."

சின்னராசா அண்ணை தெரியாது என்று ஒன்றையும் ஒப்புக்கொள்ளாத மனிதர். "ஓமோம், சமேலியோரே. லவால் தாண்டிப் போகோணும். நல்ல அமைதியான இடம். என்ர மருமகன் முந்தி அங்க வீடு பார்த்தவன்" என்றார். கடையில் நின்ற நாலு பேரும் என் கையைக் குலுக்கினார்கள்.

ஆரணி வீடு வந்தபோது மேசையில் நாற்பது ரோல்ஸ் அடுக்கியிருந்தது. பை தோளில் தொங்கியபடி கேட்டாள்.

"ஆருக்கு பேர்த்டே?"

"உனக்கு இடம் கிடைச்சிட்டுதாம் பிள்ளை" என்றாள் வசந்தி.

"எங்க?"

"சமேலியோரேயில" என்றேன்.

முதலில் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. "அப்பா, அது ஊர் இல்லை. முன்னேறுறது. முன்னேற இடமிருக்கு எண்டு கோச் சொல்லியிருக்கிறா. அப்பிடிச் சொன்னால் எனக்கு இன்னும் இடமில்லை எண்டு அர்த்தம். எத்தினை பேருக்குச் சொன்னனீங்கள்?"

 யாழ்ப்பாணத்தில் என் கணித ஆசிரியர் தவணைக்குத் தவணை தேர்ச்சி அறிக்கையில் எழுதிய அதே சொற்கள்: முன்னேற இடமுண்டு. என்னைப் பெற்ற ஐயா அதை வாசித்துவிட்டு ஒருநாள் முழுக்க என்னோடு கதைக்கமாட்டார். எங்கள் வீட்டில் அதற்கு யாரும் பலகாரம் சுட்டதில்லை. சொந்த மொழியில் பத்து வருடம் வாங்கிய திட்டை வேறு மொழியில் கேட்டதும் எப்படிப் பாராட்டாக எடுத்தேனோ தெரியவில்லை.  ஆனாலும் ஒன்பது ஒன்பதுதானே என்று கொப்பியை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "பக்கமும் எழுதியிருக்கிறீங்களே" என்றாள். ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டு எண்ணினாள். "நாலு பந்து கோட்டுக்கு வெளிய பிடிச்சனான். அது கணக்கில்லை. அதுதான் ஐஞ்சு. அந்த நாலும் நீங்கள் நிண்ட பக்கம் அப்பா."

"அதுக்கென்ன?"

"நீங்கள் பேரைச் சொல்லிக் கத்துறீங்கள். நான் உங்களைப் பார்த்து ஓடி வாறன். காலைப் பார்க்கிறேல்லை."

இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மிக மெதுவாகச் சொன்னாள்.  இனி நான் வரவில்லை என்றேன். "வரவேண்டாம் எண்டு ஆர் சொன்னது? தள்ளி நில்லுங்கோ" என்றாள். பிறகு சமையலறைத் தரையில் இரண்டு ஓட்டுக்கல் சேருகிற கீற்றைக் கோடாக வைத்து, துள்ளி விழுந்து காட்டினாள். "ஒரு கால் உள்ளுக்க இருந்தால் போதும். ஆனால் முதல் நிலத்தில படுற கால் அதாய் இருக்கோணும். மற்றக் கால் பேந்து எங்க போனாலும் பிழையில்லை." கோச் ஏன் சப்பாத்தைத் தூக்கினா என்பது அப்போதுதான் உறைத்தது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும் வரைக்கும் துள்ளினாள். ரோல்சில் பாதியை அவருக்குக் கொடுத்தோம்.

இரண்டாவது சனி, சொன்னபடி, மைதான வேலியோடு தள்ளி நின்றேன். கத்தவில்லை. கொப்பியையும் வீட்டில் வைத்துவிட்டேன். சின்னராசா அண்ணைக்கு என்ன சொல்வது என்ற யோசனை ஒரு பக்கம், பிள்ளையின் முகம் மறுபக்கம். கடைசிக்கு முந்திய பந்து என் பக்கக் கோட்டை நோக்கி உயரப் பறந்து வந்தது. ஆரணி என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தாள். எட்டிப் பிடித்தாள். இடது சப்பாத்து கோட்டுக்கு உள்ளே புல்லைத் தொட்டது, பிறகு ஆள் வெளியே உருண்டாள். கோச் குனிந்து புல்லைப் பார்த்து, பிடி சரி என்று கையை உயர்த்தினா. அன்று பின்னேரம் அணிக்குத் தெரிவானவர்கள் என்று வாசித்த பெயர்களில் கடைசிப் பெயர் அவளுடையது. அது பிறகு நடந்தது. அந்த நிமிடத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. பந்து பறந்த நேரம் என்னையறியாமல் வேலியை விட்டு நடந்து கோட்டுக்கே வந்திருக்கிறேன்.

அடுத்த பந்து எறிய வேண்டும். கோச்சுக்கு உதவியாக நின்ற பெண் என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "முசியூ, தெதான் ஊ தெயோர்?"

உள்ளேயா, வெளியேயா? அந்தக் கேள்வி எனக்கு ஒரு சொல் பிசகாமல் விளங்கியது. குனிந்து பார்த்தேன். ஒரு கால் கோட்டுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. எந்தக் கால் முதலில் நிலத்தில் பட்டது என்று எனக்குத் தெரியவில்லை.