ராசியில்லாத கண்டக்டர்

எங்கள் அணி தோற்கும்போதெல்லாம் அதற்கு மாடியில் குடியிருந்த பேருந்து நடத்துநரே காரணம் என்று எங்கள் வீட்டார் நம்பினார்கள். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், கைகளைக் கட்டியபடி, எங்கள் அடையாறு வீட்டுக் கூடத்து வாசலில் நின்றே அவர் கால்பந்து பார்ப்பார்.

அன்று எதிரணி முதல் கோல் அடித்ததும் என் மைத்துனர் சீறினார்: “யோவ் கண்டக்டர், வெளிய போய்யா! நீ நின்னாலே வெளங்காது.”

“கோல்கீப்பரத் திட்டு சார். என்னை இன்னாத்துக்குத் திட்டுற?” என்றவர், படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் பார்க்காமலே மேலும் இரண்டு கோல்கள் விழுந்தன. மைத்துனர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அணியையே சபித்தபடி வெளியேறினார். மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

நடத்துநர் தலையை நீட்டினார். “யக்கா, ஆட்டம் இன்னும் பாக்கி கீதே. போடு.”

போட்டேன். கோல்கீப்பரை அவர் திட்டிய திட்டில் எனக்குக் காது கூசியது. ஆனாலும் கடைசி விசில்வரை, அந்த அணிக்கென்று எங்கள் கூடத்தில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே.