வண்டியைக் குளிரிலேயே விடுங்கள்

லூசியன் பெல்க்கிக்கும் உப்புக்கும் ஆகவே ஆகாது. இத்தனைக்கும் அந்த ஊர் ரோடுகளில் முப்பது குளிர்காலம் உப்புக் கொட்டியவன் அவன்தான். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்கு இந்தப் பக்கம், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். நவம்பரில் விழுகிற பனி ஏப்ரல் வந்தாலும் போக மனசில்லாமல் கிடக்கும். விடிவதற்கு முன்பே ஊர் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பி, முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டும் பின்னால் உப்பைத் தூவிக்கொண்டும் போவது அவன் வேலை. உப்பு பட்டால் பனி இளகும், டயர் சறுக்காது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம். அதே உப்புத் தண்ணீர் தெறித்து வண்டிகளின் அடிவயிற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு இரும்பைத் தின்னும். அந்தப் பக்கத்து வண்டிகள் ஓடித் தேய்ந்து சாவதில்லை. எஞ்சின் குதிரை மாதிரி இருக்கும்போதே அடிச்சட்டம் உளுத்துப் போய்விடும்.

அதனால் குளிர்காலத்தில் உப்புக் கொட்டியவன், அக்டோபர் வந்தால் அதற்கு மாற்று மருந்து போட்டான். வாசலில் இரண்டு சாய்வுப் பலகைகளைப் போட்டு, வருகிற வண்டியை அதில் ஏற்றி, அடியில் மல்லாந்து படுத்து எண்ணெய் அடிப்பான். மரம் அறுக்கும் ரம்பத்துக்கு விடுகிற கொழகொழ எண்ணெயில் ஆட்டு ரோமக் கொழுப்பைக் காய்ச்சிக் கலந்தது. அளவு அவன் கையோடு சரி, யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. சட்டத்தின் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, கதவுகளின் உள்புறம், பிரேக் குழாய், மூலை முடுக்கு என்று ஓர் இடம் விடாமல் அடிப்பான். அடித்து முடித்த கையோடு சொந்தக்காரன் வண்டியை மண்ரோட்டில் விரட்டிக்கொண்டு போக வேண்டும். எழும்புகிற புழுதி எண்ணெயில் அப்பிக்கொண்டு மேல்தோல் மாதிரி காய்ந்துவிடும். ஊரே புழுதி கிளப்பிக்கொண்டு மேலும் கீழும் ஓடுகிற அந்த ஒரு வாரம்தான் அங்கே திருவிழா. கூலிக்குப் பதில் மேப்பிள் மரத்துப் பாகு வரும், மான்கறி வரும், ஒரு வண்டி விறகு வரும்.

"நோயும் நீயே குடுக்குற, மருந்தும் நீயே போடுற. பலே ஆளுய்யா நீ" என்பான் வென்டல் ஸ்டாடர்ட். கீழ் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். வருஷா வருஷம் ஊர் வண்டிகளைப் பரிசோதித்துக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுகிற அதிகாரமும் அவனுக்குத்தான். அந்த ஸ்டிக்கர் இல்லாத வண்டி ரோட்டில் ஓடக் கூடாது.

"ஒட்டுறது ஒரு துண்டுக் காகிதம். அதுக்கு உனக்கு என்னா வாய்" என்பான் லூசியன்.

அவனுக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். எவனாவது புதிதாக ஊருக்கு வந்தவன், "நான் சூடு பண்ணின கராஜ்லதான் சார் நிறுத்துறேன், பத்திரமா இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டால் போதும், வண்டிக்கு அடியிலிருந்தே கத்துவான்.

"அப்புறம் எண்ணெய் எதுக்கு? நேரா காயலான் கடைக்கே ஓட்டிட்டுப் போயேன்! குளிர்ல உப்பு தூங்கும்யா. சூடு காட்டினா முழிச்சுக்கிட்டு திங்க ஆரம்பிக்கும். வெளிய விடு. விறைக்கட்டும். வண்டிக்கு என்ன ஜலதோஷமா புடிக்கும்?"

சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு அவன் மனைவி டோரீன் இதையே அவன் குரலில் சொல்லிக் காட்டுவாள். கடைசி வரிக்கு வந்தவன் போனவன் எல்லாரும் சிரிப்பார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் நின்றவள். குரல் கணீரென்று இருக்கும்.

பிறகு டோரீனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் கீழே டவுனுக்குப் போய் டயாலிசிஸ் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே மாதிரி. சாப்பாட்டில் உப்பை நிறுத்திவிட்டார்கள். "நம்ம வீட்ல ஒரு சிட்டிகை கெடையாது, ரோட்ல லாரி லாரியா கொட்டுறானுங்க" என்றாள் டோரீன். அப்போது லூசியன் ஓய்வு பெற்றிருந்தான். ரோட்டில் உப்புக் கொட்டுவது வேறு ஒருத்தன்.

லூசியன் தன் பச்சை பிக்கப் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போய்வந்தான். மலைக்கு மேலே வேறு வழியில்லை. நோயாளிகளை ஏற்றிப்போகும் வேன் தார்ரோட்டோடு நின்றுவிடும். அதற்குமேல் இருக்கிற மண்ரோடு பனிக்காலத்தில் பனி, பனி இளகினால் முழங்கால் சேறு. அந்த பிக்கப் ஓடும்வரைதான் டோரீன் தன் வீட்டில் இருக்க முடியும். இது இருவருக்கும் முதல் நாளே தெரியும். அதைப்பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துபோயிற்று, அவளுக்கு உப்பில்லாததோ ஊசியோ பெரிய கஷ்டமில்லை, குளிர்தான் கஷ்டம் என்று. ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே விட்டால் எலும்பு வரைக்கும் குளிருமாம். காலையில் வாசலில் விறைத்து நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்தால், ஹீட்டரில் சூடு வர மலையடிவாரம் ஆகிவிடும். ஒரு ஜனவரிக் காலையில், கம்பளியைச் சுற்றிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தவள், பல் கிட்டித்து அழுதாள். அவள் அழுது லூசியன் அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான், அவள் அம்மா செத்தபோது.

அன்று சாயங்காலமே கொட்டகையிலிருந்த தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டான். அங்கே ஒரு பழைய விறகு அடுப்பு இருந்தது. அதன் புகைக்குழாயைத் தட்டிச் சரிபண்ணி, நெருப்பு மூட்டி, வண்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். சக்கரத்தின் மேலே கட்டிபட்டிருந்த அழுக்குப் பனி சொட்டுச் சொட்டாக உருகித் தரையில் ஓடியது. அது என்ன செய்யும் என்று அந்த மாவட்டத்திலேயே அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. தெரிந்தேதான் செய்தான்.

தன் எண்ணெய் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் தன் வண்டிக்கு இரண்டு தடவை அடித்தான். குளிர்காலத்திலும் மண்டிபோட்டு, துணியில் நனைத்துத் தடவினான். ஆனால் சூட்டில் எண்ணெய் இளகிச் சொட்டிவிடும், உப்புத் தண்ணீர் பெட்டி மாதிரி உள்ளே கூடாக இருக்கிற சட்டத்துக்குள் போய்ச் சேற்றோடு தங்கிவிடும். மூன்று குளிர்காலம், வாரத்துக்கு மூன்று தடவை, உப்பில் நனைந்த இரும்பை அடுப்பில் வைத்து வைத்து எடுத்தான். டோரீன் மட்டும் காலையில் கதகதப்பான சீட்டில் ஏறி உட்கார்ந்து, "அப்பாடா" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் இரவில் எழுந்து போய் அடுப்புக்கு விறகு வைத்துவிட்டு வருவான்.

மூன்றாவது வசந்தத்தில் பரிசோதனைக்குப் போனான். வென்டல் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். நல்ல இரும்பு டங்கென்று பேசும். முன்பக்கம் பேசியது. பின் அச்சுக்குப் பக்கத்தில் வந்ததும் தொப்பென்று ஒரு சத்தம், நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி. வென்டல் நிறுத்தினான். ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினான். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

துருப் பொடி தரையில் கொட்டுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வெளிய எண்ணெய் மின்னுது. உள்ளே ஒண்ணுமே இல்லையேய்யா" என்றான் வென்டல்.

"பட்டை வச்சு வெல்டு பண்ணிடலாம்."

"எதோட சேர்த்து பண்றது? வெல்டு புடிக்கவாவது இரும்பு வேணாமா?" வென்டலுக்கு அப்புறம்தான் உறைத்தது. "யோவ், இது ரோட்ல ஆனது இல்ல. எங்கய்யா நிறுத்தின இத?"

லூசியன் துருப் பொடியைக் காலால் ஒதுக்கினான். வென்டலுக்குக் கேட்கத் தேவையும் இல்லை. மலை வீட்டுக் கொட்டகையில் குளிர்காலம் முழுக்கப் புகை வருவதை அவனும் கீழேயிருந்து பார்த்திருக்கிறான்தானே.

"ஸ்டிக்கர ஒட்டு வென்டல்" என்றான் லூசியன். "இந்த ஒரு வருஷம். நான் மெதுவா ஓட்டுறேன். உன்கிட்ட இதுவரைக்கும் நான் ஒண்ணு கேட்டதில்ல."

அவன் யாரிடமும் கெஞ்சி வென்டல் பார்த்ததில்லை. ஸ்டிக்கர் கட்டு மேஜை மேல்தான் இருந்தது. வென்டல் அதைப் பார்த்தான், பிறகு சட்டத்திலிருந்த ஓட்டையைப் பார்த்தான்.

"நீ மட்டும் போற வண்டின்னா ஒட்டியிருப்பேன். ஒடைஞ்சு விழு, உன் பாடுன்னு விட்டிருப்பேன். இதுல டோரீன் உக்காருறா."

லூசியன் கையெட்டி ஸ்டிக்கர் கட்டை மேஜையின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டான்.

வேறு வண்டி தேடினான். அவர்கள் வசதிக்குக் கிடைக்கிற பழைய வண்டி எல்லாவற்றுக்கும் அடியில் போய்ப் படுத்துப் பார்த்தான். எல்லாமே அதே உப்பைத் தின்ற வண்டிகள். விற்கிறவன் தார் மாதிரி கருப்புப் பூச்சு அடித்து மினுமினுக்க வைத்திருப்பான். லூசியன் விரல் நகத்தால் ஓர் ஓரத்தைப் பெயர்ப்பான், பூச்சோடு சேர்ந்து இரும்பும் வரும். அடியில் பார்க்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் எதையாவது வாங்கித் தொலைத்திருப்பான். தெரிந்துவைத்ததே வினையாகப் போயிற்று.

அக்கம்பக்கத்தார் கொஞ்ச நாள் முறைபோட்டு டோரீனை ஏற்றிப் போனார்கள். நல்லவர்கள்தான், ஆனால் எல்லாருக்கும் வேலை இருக்கிறது, மாடு இருக்கிறது, சேற்றில் மாட்டிக்கொள்கிற வண்டி இருக்கிறது. ஒரு தடவை யாரும் வர முடியாமல் டயாலிசிஸ் தவறிப்போய், அவள் மூச்சுக்குத் திணறினாள். ஆம்புலன்ஸ் ஏற முடியாத சேற்றில் தீயணைப்புக்காரர்கள் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே பெண் டாக்டர் ஒருத்தி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள், இனி டவுனிலேயே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கட்டும், ஆஸ்பத்திரி எதிரிலேயே இருக்கிறது என்று. இல்லத்தில் நோயாளிக்குத்தான் இடம், புருஷனுக்குக் கிடையாது. டவுனில் வயதானவர்களுக்கென்று இருக்கிற வாடகை வீட்டுக்குப் பெயர் கொடுத்தான் லூசியன். அவனுக்கு முன்னால் இருந்தவர்களே ஏராளம். யாராவது செத்தால்தான் அங்கே ஒரு வீடு காலியாகும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் டோரீன் கட்டிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டிருந்தாள். லூசியன் வாசற்படியில் நின்றான்.

"ரோடு உப்புதான்" என்றான். "இந்தத் தடவ ரொம்ப கொட்டிட்டானுங்க. புதுப் பயலுக்கு அளவு தெரியல."

"லூ" என்றாள் அவள். "பொய் சொல்ல உனக்கு வராது. விடு."

அவன் தரையைப் பார்த்தான்.

"வாசல்ல நீ கத்துனத எத்தன வருஷம் கேட்டிருக்கேன்? உன்ன மாதிரியே கத்திக் காட்டுவேனே. நீ முதல் நாள் கொட்டகையில அடுப்பு மூட்டுனப்பவே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

டோரீன் ஒரு ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் கையை நீவினாள்.

"ஒவ்வொரு நாளும் சொல்லணும்னுதான் நெனப்பேன். கதவத் தெறந்து ஏறினா சீட்டு கதகதன்னு இருக்கும். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு தோணும்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் லூ தின்னேன் உன் வண்டிய. உப்பு இல்ல."

"அப்படிச் சொல்லாத, அறிவு கெட்டவளே" என்றான் அவன். அவளருகில் உட்கார்ந்து மீதி ஸ்வெட்டர்களைத் தாறுமாறாக மடித்தான். அவள் அதைத் திருத்தவில்லை. இருவரும் அழுதார்கள். அழுது என்ன, பை நிரம்பியது.

மறுநாள் வென்டல் கடையைச் சாத்திவிட்டுத் தன் காரில் அழைத்துக்கொண்டு போனான். ஸ்டிக்கர் இல்லாத பிக்கப் மலைமேலேயே நின்றது. இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரிச் சுவர். அறையில் நல்ல சூடு. டோரீன் கோட்டைக் கழற்றினாள், கொஞ்ச நேரத்தில் மேல் ஸ்வெட்டரையும் கழற்றி நாற்காலியில் போட்டாள். வீட்டில் அவளை அப்படிப் பார்த்து வருஷங்களாகிவிட்டன என்று லூசியனுக்குத் தோன்றியது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி ஒன்றுதான் அவனுக்கு. அதன் நுனியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வென்டல் கடைக்குத் திரும்ப வேண்டும் என்பது நினைவுக்கு வந்ததும் எழுந்தான்.

அங்கே வேலை பார்க்கிற பெண் உள்ளே வந்தாள். வயது குறைவு, சிரித்த முகம். டோரீனுக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டு லூசியன் பக்கம் திரும்பினாள்.

"பாக்க வர்ற நேரம்னு இங்க எதுவும் கெடையாது சார். எப்ப வேணும்னாலும் வாங்க. தினமும் வந்தாலும் சந்தோஷந்தான். பின்னாடி வண்டி நிறுத்த நெறைய எடம் இருக்கு, உங்களுக்குக் கஷ்டமே இருக்காது."

லூசியன் டோரீனைப் பார்க்காமல் தலையாட்டினான்.

"ரொம்ப நல்லதும்மா" என்றாள் டோரீன்.