நான் சொன்ன நாலு ‘சரி’

1. க்யூ

அன்று காலை லேப் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் ஸ்டோர் ஜன்னலுக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். உள்ளே நான் ஸ்கேனரோடு திணறிக்கொண்டிருந்தேன். மல்டிமீட்டருக்கு ஒரு ‘பீப்’, ப்ரோபுக்கு ஒரு ‘பீப்’, வயர்க் கட்டுக்கு ஒரு ‘பீப்’.

“ஏலே, ரேஷன் கடையிலகூட இந்நேரம் சீனி வாங்கிட்டுப் போயிருக்கலாம்” என்றான் வரிசையில் நின்ற ஒருவன்.

“பேசாம நில்லுலே. அண்ணன் கடைசில நம்ம நெத்தியிலயும் ஒரு பீப் அடிச்சுத்தான் விடுவாக.”

எல்லாரும் சிரித்தார்கள். முத்துச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஸ்கேனரும், மேஜை மேலிருந்த டேப்லெட்டும், அதில் ஓடிய புரோகிராமும் அவளும் அவளோடு படிக்கும் சரவணனும் சேர்ந்து செய்தவை. சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் கடைசி வருஷப் புராஜெக்ட். வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் ஓரமாக நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புராஜெக்டைத் தள்ளிவிட்டால் அடுத்த வருஷம்தான் மறுபடி செய்ய முடியும். கேம்பஸில் அவளுக்குக் கிடைத்திருந்த வேலையும் அதோடு போய்விடும். அவள் அப்பா நரிக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வேலை கிடைத்த சேதிக்கு லேப் முழுக்கக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தனுப்பியிருந்தார். நானும் இரண்டு தின்றேன்.

2. ஃபாரம்

நான் இந்தக் கல்லூரியில் லேப் ஸ்டோர் உதவியாளர். படிப்பு பத்தாவது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். அதிகம் பேச மாட்டேன்.

சிஸ்டம்ஸ் படிப்பில் ஒரு முறை உண்டு. ஒன்றைச் செய்வதற்கு முன்னால், அதை வைத்து வேலை செய்யப் போகிறவரிடம் என்ன தேவை என்று கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ‘ரெக்கொயர்மென்ட்’ என்பார்கள். மூன்று மாதம் முன்பு ஒரு மத்தியானம் முத்துச்செல்வி ஃபாரத்தோடு வந்தாள்.

“அண்ணே, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருவோம். நீங்க ஸ்கேன் பண்ணிக் குடுத்தாப் போதும். சரியாண்ணே?”

“சரிம்மா.”

“ரிஜிஸ்டரே வேண்டாம். எல்லாம் டேப்லெட்ல ஏறிரும். சரியா?”

“சரி.”

“திரும்பி வாங்கும்போதும் இதே மாதிரிதான். சரிதானே?”

“சரிம்மா.”

“அப்ப இங்க ஒரு கையெழுத்து.”

“சரி.”

ஆனால் நான் வேலை செய்யும் விதம் வேறு. மறுநாள் என்ன எக்ஸ்பெரிமென்ட் என்று சாயங்காலமே பார்த்து, டேபிளுக்கு ஒரு ட்ரே அடுக்கி வைத்துவிடுவேன். ட்ரேயில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம். திரும்பி வரும்போது ஓர் இடம் காலியாக இருந்தால் கண்ணில் பட்டுவிடும். ஆறு ட்ரேயும் ஐந்து நிமிஷத்தில் ஜன்னலைத் தாண்டிவிடும். ட்ரேயை வாங்கிப் போகும் பிள்ளைகளுக்கு நான் அடுக்குவதும் சரிபார்ப்பதும் தெரியாது. அவள் வந்த நேரம் ட்ரேக்கள் எல்லாம் லேபுக்குள் இருந்தன. நானும் சொல்லவில்லை. படித்த பிள்ளைகள் இவ்வளவு யோசித்து வந்திருக்கும்போது குறுக்கே பேசுவானேன் என்று இருந்துவிட்டேன்.

3. கேள்வி

தேர்வாளர் எழுந்து வந்து ஃபாரத்தை நீட்டினார்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமா சார்.”

“இவங்க செஞ்சது உங்களுக்குத் தோதா இருக்கா?”

முத்துச்செல்வி என்னைப் பார்த்தாள். இன்னொரு ‘சரி’ சொன்னால் அவள் தப்பிப்பாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் க்யூ அவர் கண்ணுக்கு எதிரே நின்றது.

“இல்ல சார். தப்பு எம்மேலதான். நான் சரின்னது, நீங்க சொல்றது காதுல விழுந்துச்சுங்கிற சரி. அத ஒத்துக்கிட்டேன்னு இவுக எழுதிட்டாக.”

“காதுல விழுந்ததுக்கா கையெழுத்துப் போட்டீங்க?”

“கூச்சம் சார்.”

அவர் சிரித்துவிட்டார். நான் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ட்ரேயை எடுத்து வைத்து, எப்படி அடுக்குவேன், எப்படித் திரும்ப வாங்குவேன் என்று காட்டினேன். பத்து நிமிஷம் விடாமல் பேசியிருப்பேன். அந்தக் கட்டடத்தில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் முத்துச்செல்வி, சரவணன் பக்கம் திரும்பினார். “புரோகிராம்ல பிழை இல்ல. இவர் வேலைய நீங்க பாக்கவே இல்ல. ஃபைனல் ரிவ்யூக்கு மூணு வாரம் இருக்கு. மாத்திட்டு வாங்க. அதுவரை மார்க்கு போட மாட்டேன்.”

அவர் போனதும் முத்துச்செல்வி ஜன்னலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?”

“சொல்லியிருக்கணும் பாப்பா.”

கையிலிருந்த ஃபாரத்தைப் பார்த்தாள். “நானும் சரியா, சரியான்னுதான கேட்டேன். நீங்களும் வேற என்னதான் சொல்லுவீக!”

4. ஆறு பீப்

மறுநாள் சாயங்காலம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குள் உட்கார்ந்தாள். ஒரு வாரம் கேள்வியே கேட்கவில்லை. நான் செய்வதை மட்டும் பார்த்து எழுதினாள். சரவணன் நகத்தால் ஸ்டிக்கர்களைச் சுரண்டிக்கொண்டே, “ஒட்டுனவனே உரிக்கணும்னு எந்தச் சிலபஸ்ல இருக்கு?” என்று புலம்பினான்.

ட்ரேக்கு ஒரே ஸ்டிக்கர் என்று ஆனது. டேப்லெட்டில் ட்ரேயின் படம் வரும். எந்த இடம் காலியோ அதைத் தொட்டால் போதும். படம் வேண்டும் என்று கேட்டது நான். வாய் திறந்து நான் கேட்ட முதல் ரெக்கொயர்மென்ட் அது.

ஃபைனல் ரிவ்யூ அன்று ஆறு பீப். ஐந்து நிமிஷத்துக்குள் ஜன்னல் காலி. தேர்வாளர் நாற்காலிகூடக் கேட்கவில்லை. முத்துச்செல்வி வேலைக்குப் போய்விட்டாள். இந்த முறை மிட்டாய்ப் பெட்டியை அவள் அப்பாவே கொண்டுவந்தார்.

லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் வேலை உங்களுக்குத்தான் தெரியும். கூச்சத்தில் நீங்கள் சொல்லாமல் விடுவது இன்னொருவர் தலையில் போய் விடியும்.

அந்த ஃபாரம் இன்னும் எங்கள் துறையில் இருக்கிறது. கையெழுத்துக்கு மேலே முத்துச்செல்வி ஒரு வரி சேர்த்துவிட்டுப் போயிருக்கிறாள்: ‘இதில் உங்களுக்கு எது தொந்தரவு?’ அதன் கீழே எழுத நாலு கோடு. வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் அதை நீட்டுகிறார்கள். நாலு கோடு எனக்குப் போதவில்லை; தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதுகிறேன்.