இருபது பவுண்டு

‘பாதுகாப்பு அதிகாரி: நிதானமானவர். எந்தச் சாதனத்தையும் அதன் மேல் எல்லையைத் தாண்ட விடாதவர். அடுத்தவர் என்ன நினைப்பார் என்று பார்த்து முடிவெடுக்காதவர்.’

ஆலையின் கையேட்டில் இப்படித்தான் இருக்கிறது. எழுதியவர் அந்த அதிகாரியே என்பதால் புகழ்ச்சியில் சிக்கனம் பார்க்கவில்லை.

அவர் மனைவியின் பேட்மின்டன் ராக்கெட்டில் நரம்பு அறுந்துபோயிற்று. கல்லூரி நாளில் ஜெயித்து வாங்கிய ராக்கெட். அந்த மாடல் இப்போது தேடினாலும் கிடைக்காது. மறுநாள் மாலை கிளப்பில் அவளுக்கு அரையிறுதி.

“என்னங்க, நரம்பை இருபது பவுண்டு இழுவையில கட்டினா போதும். அதுக்கு மேல இழுத்தா பிரேம் தாங்காது, என் முழங்கை வலியும் மறுபடி ஆரம்பிச்சிடும்.”

“எனக்கே சொல்றியா? என் பொழப்பே அதானே!”

நரம்பு கட்டும் கடை மனைவியின் தம்பியுடையது. அங்கே கிளப் சாம்பியன் நின்று, “எனக்கு இருபத்தெட்டு” என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அடித்தால் பட்டாசு வெடிப்பதுபோல் கேட்கும்.

“உங்களுக்கு எவ்வளவு அத்தான்?”

சாம்பியனும் திரும்பிப் பார்த்துத் தொலைத்தார். இருபது என்று சொல்லப் போன அதிகாரியின் நாக்கு, “எனக்கும் இருபத்தெட்டு” என்றது. அந்த ‘எனக்கும்’தான் கொடுமை. ராக்கெட் அவருடையதல்ல. அதிகாரி அடிக்கும் இறகுப்பந்து வலையைத் தாண்டினால் எதிராளியே கை தட்டுவார்.

“அத்தான், இருபத்திரண்டுக்கு மேல கூடாதுன்னு பிரேம்லயே போட்டிருக்கு. அக்கா ராக்கெட் வேற.”

“அதெல்லாம் கம்பெனிக்காரன் பயந்து போடறது மாப்ள. நீ இழு.”

“ஒடஞ்சா அக்காகிட்ட நீங்கதான் பேசணும். நான் ஊர்லயே இருக்க மாட்டேன்.”

வீட்டில் உறையைத் திறக்காமலே ஆணியில் மாட்டிவிட்டு, “கட்டியாச்சு” என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே நற்சான்றும் கொடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கொதிகலன் அறையில் அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டை உரசிக்கொண்டிருந்தது. ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“அதெல்லாம் கம்பெனிக்காரன் பயந்து போடறது சார்!”

இந்த வசனத்துக்கு அவரிடம் நீண்ட சொற்பொழிவு ஒன்று தயாராக உண்டு. அறையில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். 

“குறைங்க” என்றார், அவ்வளவுதான்.

ஆபரேட்டர் பதறிவிட்டார். “என்ன சார், உடம்பு சரியில்லையா?”

மதிய இடைவேளையில் வீட்டிலிருந்து ராக்கெட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். மைத்துனன் பிரேமைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தான். கீறல் இல்லை. ஒரு பக்கமாக வெட்டினால் பிரேம் கோணிவிடும் என்று, நடுவிலிருந்து வெளியே பார்த்து ஒவ்வொரு நரம்பாக வெட்டினான். ஒவ்வொன்றும் ‘டிங்’ என்று தெறித்தபோது அதிகாரியின் முகமும் கூடவே சுளித்தது. நேரம் சரியில்லை; தன் ராக்கெட்டை வாங்கிப்போக சாம்பியன் உள்ளே வந்தார்.

“இப்ப எவ்வளவு அத்தான்?”

அன்று மாலை மனைவி நரம்பை நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டாள். “ம், சரியா இருக்கு” என்று களத்தில் இறங்கினாள். மூன்றாவது செட்டில் தோற்றாள். முழங்கை வலிக்கவில்லை, ராக்கெட்டும் முழுசாக வீடு திரும்பியது.

மதியம் கடையில் அதிகாரி செய்தது இவ்வளவே: சாம்பியன் காதில் விழும்படி, “இருபது” என்றார்.