செஞ்சியில் நடக்க விடமாட்டார்கள்

நடக்கச் சொன்ன டாக்டருக்குச் செஞ்சியைப் பற்றி என்ன தெரியும்? "தினமும் காலையில நடங்கம்மா. ரெண்டு மாசத்துல சக்கரை எறங்கலன்னா இன்சுலின் ஊசிதான்" என்று சொல்லிவிட்டார். மூன்று பிள்ளை பெற்றவள்தான் நான். ஆனாலும் ஊசி என்றால் உயிர் போய்விடும்.

மறுநாளே கிளம்பினேன். எங்கள் தெருக் கால்வாயை மூடிய கல்லில் பாதி இல்லை, தாண்டிவிடலாம். நாய்களை அதட்டிவிடலாம். இந்த வண்டிக்காரர்களை என்ன செய்வது? வயசான பொம்பளை தனியாக நடந்தால் பார்த்துக்கொண்டு போகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பால்காரர் பைக்கை நிறுத்தினார்.

"ஏறு பெரிம்மா, எங்க போவணும்?"

"எங்கயும் இல்லப்பா. சும்மா நடக்கறேன்."

"சும்மா யாருனா நடப்பாங்களா? இன்னா, என் வண்டில ஏற மாட்டியா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். அங்கே எனக்கு என்ன வேலை? திரும்பி நடந்தால், வல்லத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஏற்றி வந்து வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். ஒரு வாரம் இப்படியே ஊரைச் சுற்றிப் பார்த்தேன். கால் தரையில் பட்டதே குறைவு.

அடுத்த வாரம் பிடிவாதமாக யார் வண்டியிலும் ஏறவில்லை. வந்தது வினை. கையில் கடைப் பை இல்லை, விடிந்ததும் விடியாததுமாகத் தனியாகப் போகிறாள், கூப்பிட்டாலும் ஏறவில்லை. எங்கள் தெருவில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: மருமகள் துரத்திவிட்டாள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி என் மருமகளிடமே கேட்டிருக்கிறாள். "பாவம், வயசான காலத்துல அத்தய எங்கம்மா போவச் சொல்ற?"

மருமகள் வந்து அரிசிப் பையைத் தொப்பென்று போட்டாள். "இனிமே வாசப்படி தாண்டாத அத்த. என் மானம் போவுது."

"அப்ப எனக்கு ஊசி போட்டா பரவால்லையா?" நானும் விடவில்லை, கத்தினேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும்.

மறுநாள் அவள் தெருமுனை டீக்கடை முன்னால் போய் நின்றுகொண்டாள். வருகிற போகிறவர்களையெல்லாம் நிறுத்தினாள். "எங்க அத்தைக்குச் சக்கரை. நடக்கணும். யாருனா வண்டில ஏத்துனீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

என் வியாதி ஊருக்கே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என்னைக் கடக்கிற வண்டியெல்லாம் "நட, நட, நிக்காத!" என்று ஆரன் அடிக்கும். கால்வாய்மேல் யாரோ ஒரு கடப்பாக்கல்லைப் போட்டுவைத்தார்கள். டீக்கடையில் எனக்குச் சர்க்கரை போட மறுத்தார்கள். காசு கொடுத்துக் குடிக்கிறவளுக்கு மரியாதையைப் பாருங்கள்!

இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. டாக்டர் தாளைப் பார்த்தார். "ஊசி வேணாம்மா. நடக்கறத விட்டுறாதீங்க."

வெளியே வந்தால் வெயில் ஏறியிருந்தது. பின்னால் பால்காரர் வந்தார். நானே கையைக் காட்டினேன்.

"ஐயோ, உன் மருமவ என்னைக் கொன்னுடும் பெரிம்மா" என்றார். பிறகு எஞ்சினை அணைத்து, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னோடு வீடு வரைக்கும் நடந்தே வந்தார்.

நாங்கள் வருகிற கோலத்தைப் பார்த்து, நான் எங்கேயோ விழுந்துவிட்டேன் என்று மருமகள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஊசி வேணான்ட்டாரு" என்றேன். நடுத்தெருவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாலு வாசலில் தலை எட்டிப் பார்த்தது. ரேஷன் கடையில் கேட்டவளும் இருந்தாள்.

"சத்தமா சொல்லு அத்த" என்றாள் மருமகள். "எல்லார் காதுலயும் விழட்டும்."