பேட்டரிக்காரரின் சட்டை

பேட்டரிக்காரரைப் போல ஒரு சுத்தக்காரரைப் பார்ப்பது அபூர்வம். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத் தகடுகளைப் பிரித்தெடுக்கும் பட்டறையில் பதினொரு வருட வேலை. கிளம்பும்போது முழங்கைவரை மூன்று தடவை சோப்புப் போடுவார். பெண் பார்க்கவா போகிறீர்கள் என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். இவ்வளவு விவரமானவருக்குச் சட்டையை மாற்றவேண்டும் என்று மட்டும் உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி ஓர் உதறு உதறி ஆணியில் மாட்டுவார். ஆணிக்கு நேர்கீழேதான் நாலு வயது மகளின் பாய்.

மகள் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக மறந்தாள். சோறு இறங்கவில்லை; வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். டாக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஈயம் ஏறியிருக்கிறது, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். மனைவி இவரைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறார்.

அதற்குப் பிறகு பட்டறையிலேயே குளித்து, உடுப்பும் செருப்பும் மாற்றிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறினார். வேலைத்துணி பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. பெருக்கினால் தூசி பறக்கும் என்பதால் மனைவி தரையை ஈரத்துணியால் துடைத்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் மகளின் கையைத் தேய்த்துக் கழுவினாள். பாலும் கீரையும் தவறாமல் கொடுத்தாள். ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்தாயிற்று. ஆனாலும் அவர் கண் அந்த இடத்துக்கே போனது. ஜன்னல் வெயிலில் தூசி மிதந்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அதையே பார்ப்பார். வீட்டுக்குள் நுழையவே அவருக்குப் பயமாக இருந்தது.

ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது இரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைந்திருந்தது. மனைவிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அவருக்குத்தான் மனசு ஆறவில்லை.

"கொறஞ்சதெல்லாம் வெளிய போயிடுச்சா, டாக்டர்?"

"கொஞ்சம் போயிருக்கும். மீதி எலும்புல தங்கியிருக்கும். அது போக வருஷக்கணக்காகும்."

மறந்த சொற்கள் திரும்புமா என்று கேட்டார். டாக்டர் உறுதி எதுவும் தரவில்லை. பிள்ளையிடம் நிறையப் பேசுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் மகள் கையை நீட்டினாள். தன் உள்ளங்கைகளை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். தோளில் சாய்ந்தவளின் முழங்கை எலும்பு கழுத்தில் குத்தியது. தான் கொண்டுவந்த ஈயம் அதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்தார்.

"எறக்கி விடட்டுமாம்மா?" என்றார்.

மகள் தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம் என்ற சொல் அவளிடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.